குழிக்கணக்கும் வட்டக்கணக்கும்

(நாமகிரிப்பேட்டையில் உழவரும் மாணவரும் ஒருங்கு கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

போதமலையும் கொல்லிமலையும் கண்ணுக்கெட்டும் தொலைவில் நிற்க, மஞ்சளும் மரவள்ளியும் விளையும் மண் இம் மண். நாகசுர இசையால் இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் ஒலிக்கச் செய்தவர் நாமகிரிப்பேட்டை கிருட்டிணன். உழைப்புக்கும் கலைக்கும் பெயர்பெற்ற இவ்வூரில், இன்று எடுத்துக்கொண்ட பொருள் கணக்கு. அதனினும் குறிப்பாக, வட்டத்தின் கணக்கு. கணக்கு என்றவுடன் மாணவர் அஞ்ச வேண்டா. உழவர் எழுந்துபோகவும் வேண்டா. ஏனெனில், வட்டம் பள்ளிக் கரும்பலகையில் மட்டும் வாழும் உருவமன்று. கிணற்றின் வாய் வட்டம். நீர்க்குழாயின் வாய் வட்டம். மரத்தின் வெட்டுமுகம் வட்டம். வெல்லம் காய்ச்சும் கொப்பரையும் வட்டம். உழவரின் பொருள் வரும் வழியும் போகும் வழியும் பெரும்பாலும் வட்ட வாயாகவே அமைந்துள்ளன. அவ்வாயின் கணக்கை அறியாதவர்க்குப் பொருள் போகும் வழியே அகலும்.

வட்டத்தின் குறுக்களவாகிய விட்டத்தை இருமடங்காக்கினால் அதன் பரப்பு எத்துணை மடங்காகும்? இதனை எவரிடம் வினவினும், 'இருமடங்கு' என்னும் விடையே முதலில் வரும். ஓரங்குலக் குழாயினும் ஈரங்குலக் குழாய் இருமடங்கு நீர் தரும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை. விட்டம் இருமடங்காயின் பரப்பு நான்கு மடங்கு. விட்டம் மும்மடங்காயின் பரப்பு ஒன்பது மடங்கு. விட்டம் பாதியாயின் பரப்பு காற்பங்கு. அஃதாவது, விட்டம் எத்துணை மடங்கு வளர்கின்றதோ, அவ்வெண்ணை அவ்வெண்ணாலேயே பெருக்கிய அளவுக்குப் பரப்பு வளர்கின்றது. இன்றைய உரையின் கருப்பொருள் இஃதொன்றே.

இவ்வாறு ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதை இற்றைப் பாடநூல்கள் 'வர்க்கம்' என்கின்றன. கடைத்தெருவில் அதுவே 'ஸ்கொயர்' ஆயிற்று. இவ்விரு சொற்களும் வருமுன் தமிழன் அதற்குப் பெயரின்றி நின்றானோ? இல்லை. 'குழி' என்றான் தமிழன்.

குழி என்பது பள்ளத்தை மட்டும் குறிக்கும் சொல்லன்று. நிலம் அளக்கும் கோலினை நான்கு பக்கமும் வைத்து அமைத்த ஒரு கட்டமே குழி. தஞ்சை வளநாட்டில் பன்னிரண்டடிக் கோலால் அளந்த ஒரு குழி 144 சதுர அடி. அத்தகைய குழி நூறு கொண்டது ஒரு மா. மா இருபது கொண்டது ஒரு வேலி. கல்வெட்டுகளில் பன்னிருசாண் கோலும் பதினாறுசாண் கோலும் வேறு வேறாகக் குறிக்கப்பெற்றுள்ளன. ஏன் அவ்வாறு கோலின் நீளத்தைக் கல்லிற் பொறித்தனர்? பன்னிருசாண் கோலுக்குரிய குழி 144 சதுரச் சாண். பதினாறுசாண் கோலுக்குரிய குழி 256 சதுரச் சாண். கோலில் மூன்றிலொரு பங்கே கூடிற்று; குழியிலோ ஏறத்தாழ முக்காற் பங்கு கூடிற்று. நீளம் சிறிது மாறினும் பரப்பு பெரிது மாறும் என்பதை அறிந்தவரே, எக்கோலால் அளந்தது என்பதை மறவாமல் எழுதிவைப்பர்.

இக்குழிக் கணக்கைத் தமிழ்ச் சிறுவர் திண்ணைப் பள்ளியிலேயே மனப்பாடமாகக் கற்றனர். எண்சுவடியைச் சார்ந்த அவ்வாய்பாட்டிற்குக் 'குழிமாற்று' என்று பெயர். முழு எண்களை அவ்வவ்வெண்ணாலேயே பெருக்குவது பெருங்குழி. பின்னங்களை அவ்வப் பின்னத்தாலேயே பெருக்குவது சிறுகுழி. அரைக்கு அரை கால். காலுக்குக் கால் மாகாணி. முக்காலுக்கு முக்கால் அரையே மாகாணி. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்றாகிய மாவையும் எண்பதில் ஒன்றாகிய காணியையும் கூட்டினால் பதினாறில் ஒன்று வருதலைக் கணக்கறிந்தோர் சரிபார்த்துக் கொள்ளலாம். சொல்லே கணக்கைச் சொல்லும் திறம் தமிழ்ப் பின்னங்களுக்கு உண்டு.

இம்மூன்று வாய்பாடுகளையும் வட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அரை விட்டக் குழாயின் வாய் காற்பங்கு. கால் விட்டக் குழாயின் வாய் மாகாணிப் பங்கு. முக்கால் விட்டக் குழாயின் வாய் அரையே மாகாணி, அஃதாவது பாதிக்குச் சற்று மேல். ஓரங்குலக் குழாய்க்கு மாற்றாக முக்காலங்குலக் குழாயைப் பொருத்துபவர், 'காற்பங்குதானே குறைகின்றது' என்று எண்ணித் தேறுகின்றார். உண்மையில் ஏறத்தாழப் பாதி வாயை அவர் அடைத்துவிட்டார். சிறுகுழி கற்ற சிறுவன் இப்பிழை செய்யான்.

கட்டத்திற்குரிய குழிக்கணக்கு வட்டத்திற்கு எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடை தருவது காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம். வட்டத்தின் சுற்றளவிற் பாதியையும் விட்டத்திற் பாதியையும் தம்முள் பெருக்கினால் வட்டத்தின் குழி தோன்றும் என்பது அந்நூல் கூறும் நெறி. பரப்பு என்னாமல் குழி என்றே அந்நூல் கூறுவதையும் நோக்குக.

இந்நெறி உண்மை என்பதைச் சமையற்கட்டிலேயே மெய்ப்பிக்கலாம். வட்டமான தோசை ஒன்றை நடுவிலிருந்து விளிம்பு வரை பதினாறு கூறாக அறுக்க. ஒவ்வொரு கூறும் கூரிய முனையும் வளைந்த அடியும் உடையதாக இருக்கும். எட்டுக் கூறுகளை முனை மேல்நோக்க வரிசையாக வைத்து, எஞ்சிய எட்டையும் முனை கீழ்நோக்க இடைவெளிகளிற் செருகுக. வட்டம் மறைந்து, ஏறக்குறைய நீள்கட்டம் ஒன்று தோன்றும். அதன் நீளம் தோசையின் பாதிச் சுற்றளவு. அதன் அகலம் பாதி விட்டமாகிய ஆரை. கூறுகளை மேலும் மேலும் மெல்லிதாக அறுக்க அறுக்க, மேடுபள்ளம் மறைந்து கட்டம் செவ்வையாகும். ஆகலின், பாதிச் சுற்றை ஆரையால் பெருக்கியதே வட்டத்தின் பரப்பு.

இனி எண்களை இட்டுக் காண்போர் காண்க. விட்டம் 7 எனில் சுற்றளவு ஏறத்தாழ 22. பாதிச் சுற்று 11, பாதி விட்டம் மூன்றரை, பெருக்கினால் முப்பத்தெட்டரை. விட்டம் 14 எனில் சுற்று 44. பாதி 22, அதனை 7 ஆல் பெருக்க 154. முப்பத்தெட்டரையின் நான்கு மடங்கே 154. விட்டம் 21 எனில் பாதிச் சுற்று 33. அதனைப் பத்தரையால் பெருக்க முந்நூற்று நாற்பத்தாறரை. இஃது ஒன்பது மடங்கு. கரணியம் எளிது. விட்டம் இருமடங்கானால் சுற்றும் இருமடங்காகின்றது. நீளமும் இருமடங்கு, அகலமும் இருமடங்கு. எனவே பரப்பு இரண்டுக்கு இரண்டு நான்கு மடங்கு.

22-ஐ 7 ஆல் வகுத்த ஈவு முற்றிலும் சரியான அளவன்று. ஆயினும் அதனால் நேரும் பிழை இரண்டாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. இதனினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. இரு வட்டங்களை ஒப்பிடுவதற்கு அவ்வெண்ணே வேண்டா. இரண்டு வட்டத்திற்கும் அது பொதுவாதலின் ஒப்பீட்டில் தானே நீங்கிவிடும். விட்டங்களின் குழிகளை மட்டும் ஒப்பிட்டாலே போதும். பெருங்குழி வாய்பாடு அறிந்த எவரும் கடை வாயிலில் நின்றே முடிவு கூறலாம்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. வட்டங்கள் தம் விட்டங்களின் குழிகளை ஒத்தே அமையும் என்பதை கிரேக்க நாட்டு யூக்ளிடு தம் நூலின் பன்னிரண்டாம் பிரிவில் மெய்ப்பித்துள்ளார். பாதிச் சுற்றையும் பாதி விட்டத்தையும் பெருக்கும் நெறி சீனரின் பழங்கணக்கு நூலிலும், ஆரியபட்டரின் நூலிலும் உண்டு. ஆர்க்கிமிடீசு அதனைத் திறம்பட நிறுவினார். எனவே, தமிழர் மட்டுமே இதனைக் கண்டனர் என்று முழங்குதல் அறிவுடைமை ஆகாது. பொய்ப் பெருமை தமிழுக்குத் தேவையுமில்லை. தமிழர்க்கு உரிய உண்மைப் பெருமை வேறு. அரிய இக்கணக்கைத் தம் தாய்மொழிச் சொல்லாலேயே, ஊர்ச் சிறுவனின் நாவிலும் நிலம் அளப்பவனின் கோலிலும் ஏற்றிவைத்தனர் என்பதே அப்பெருமை. திண்ணைப் பள்ளி மறைந்தது. எண்சுவடியும் உடன் மறைந்தது. வாய்பாட்டை விளங்காச் சொல்லில் உருப்போட்டுத் தேர்வு எழுதும் மாணவன், தன் தந்தை வாங்கும் குழாய்க்கும் அதற்கும் தொடர்புண்டு என்பதை அறியாமலே வளர்கின்றான். இழப்பு அங்கே தொடங்குகின்றது.

அவ்விழப்பு எங்கெங்கே நிகழ்கின்றது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம். முதலாவது கிணறு.

பதினான்கடி விட்டமுள்ள வட்டக் கிணற்றின் பரப்பு 154 சதுர அடி. இருபத்தெட்டடி விட்டமுள்ள கிணற்றின் பரப்பு 616 சதுர அடி. ஒவ்வோர் அடி ஆழத்திற்கும் முன்னதில் நிற்கும் நீர் ஏறத்தாழ 4,360 இலிட்டர். பின்னதில் ஏறத்தாழ 17,440 இலிட்டர். நீர் நான்கு மடங்கு நிற்கும். ஆயின் வெட்டி அள்ள வேண்டிய மண்ணும் பாறையும் நான்கு மடங்கு. சுற்றுச்சுவரோ நான்கு மடங்காகாது. முன்னதற்கு 44 அடி, பின்னதற்கு 88 அடி, இருமடங்கே. எனவே, வெட்டுக்கூலியும் சுவர்க்கூலியும் ஒரே அளவில் வளரும் என்று பேசுவோர் பேச்சை உழவர் ஏற்கலாகாது. பரப்பைச் சார்ந்தது குழியாய் வளரும்; சுற்றைச் சார்ந்தது நேராய் வளரும். இரண்டையும் பிரித்துக் கணக்கிட்ட பின்னரே ஒப்பந்தம் பேசுதல் வேண்டும்.

நீர் நிற்கும் அளவு வேறு, நீர் ஊறும் அளவு வேறு என்பதும் நினைவிருக்க வேண்டும். சேலம், நாமக்கல் பகுதிகளின் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறை. நீர் பாறையின் வெடிப்புகள் வழியே வருகின்றது. கிணற்றின் வாயை இருமடங்கு அகற்றியதனால் ஊற்று நான்கு மடங்காகிவிடாது. ஆழ்துளைக் கிணற்றில் இது மேலும் தெளிவு. திருச்செங்கோட்டுத் துளை வண்டிகள் நாடெங்கும் சென்று இடும் துளைகளில் நாலரை அங்குலமும் ஆறரை அங்குலமும் பெருவழக்கு. நாலரையின் குழி இருபதேகால். ஆறரையின் குழி நாற்பத்திரண்டேகால். எனவே ஆறரைத் துளைக்கு உடைத்தெடுக்கும் பாறை ஏறத்தாழ இருமடங்கு. நீர் இருமடங்கு வருமா? வாராது. துளையின் விட்டத்தை இருமடங்காக்கினாலும் ஊறும் நீர் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே கூடும் என்பது நிலத்தடி நீரியலார் கண்ட பொது முடிவு. ஆறரைத் துளையின் பயன், நீர்மூழ்கி மின்னோடியை இறக்குதற்கு இடம் கிடைப்பதே. எங்கே குழிக்கணக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அறிதலும் கணக்கறிவின் பாற்பட்டதே.

இரண்டாவது குழாய். தோட்டங்களிற் பதிக்கும் நெகிழிக் குழாய்கள் 63, 75, 90, 110 மில்லிமீட்டர் என்னும் அளவுகளில் விற்கப்படுகின்றன. இவ்வெண்கள் குழாயின் புறவிட்டத்தைக் குறிப்பன. நீர் ஓடுவதோ அகவிட்டத்தில். சுவரின் தடிப்பு எவ்வளவு என்பதைக் கேளாமல் வாங்குபவர் நீர்வழியைக் கேளாமல் வாங்குபவரே. அது நிற்க. 63 மில்லிமீட்டர்க் குழாய் இரண்டினை ஒரு குழாயில் இணைக்க வேண்டுமாயின் எவ்வளவு பெரிய குழாய் வேண்டும்? அறுபத்து மூன்றும் அறுபத்து மூன்றும் நூற்றிருபத்தாறு என்று கூட்டுபவர் ஏமாறுவர். 63-இன் குழி 3,969. 90-இன் குழி 8,100. ஒரே வகைக் குழாய்களாயின் தொண்ணூறு ஒன்றே அறுபத்து மூன்று இரண்டிற்கு ஈடாகும். 110-இன் குழி 12,100. அஃது அறுபத்து மூன்று மூன்றிற்கு ஈடு. கூட்டல் கணக்குப் போட்டவர் தேவைக்கு மேல் செலவிடுவர்.

இதற்கு மறுதலையான பிழை இன்னும் கொடிது. பெருங்குழாயில் வரும் நீரைப் பாதி விட்டக் குழாயில் திணித்தால், வாய் காற்பங்காகிவிடுதலின் அதே நீர் நான்கு மடங்கு விரைவாக ஓட வேண்டும். விரைவு கூடக் கூட உராய்வு மிகக் கடுமையாகக் கூடும். பாதி விட்டக் குழாயில் அதே அளவு நீரைச் செலுத்த உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ முப்பது மடங்கு. மின்னோடி முனகும், கடைசிப் பாத்தியில் நீர் சொட்டும். 'மின்னோடிக்கு வலிமை போதவில்லை' என்று பழியை அதன்மேல் ஏற்றிப் பெரிய மின்னோடி வாங்கக் கடன்படுவோர் பலர். குறை மின்னோடியில் இல்லை. குழாயின் குழியில் உள்ளது.

மூன்றாவது மரம். பணமுடை வந்துழி உழவர் வேம்பையோ புளியையோ வெட்டி விற்பர். மரத்தின் பருமனைக் கயிறு சுற்றி அளப்பது வழக்கம். உருட்டு மரத்தை அளக்க வணிகத்தில் வழங்கும் முறை ஒன்றுண்டு. சுற்றளவை நான்காக வகுத்து, அக்காற்பங்கின் குழியை நீளத்தால் பெருக்குவர். சுற்றளவு 44 அங்குலமுள்ள மரத்தை எடுத்துக்கொள்க. காற்சுற்று 11, அதன் குழி 121. உண்மை என்ன? சுற்று 44 எனின் விட்டம் 14. வட்டத்தின் பரப்பு 154. கணக்கில் வந்தது 121. வாராமற் போனது 33. நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொன்றரைப் பங்கு மரம் அளவிலேயே மறைந்துவிட்டது. அறுக்கும்போது பட்டையும் மரத்தூளுமாகக் கழிவதற்கு ஈடாக இம்முறை வைக்கப்பட்டது என்பர். அது முறையாகவே இருக்கலாம். ஆயின் அக்கழிவு முன்னரே கழிக்கப்பட்டுவிட்டது என்பதை விற்பவர் அறிதல் வேண்டும். அறியாதவரிடம், 'பட்டைக்குக் கழிவு, தூளுக்குக் கழிவு' என்று இரண்டாம் முறையும் கழிப்பது எளிது.

இன்னொன்று. 22 அங்குலச் சுற்றுள்ள மரம் இரண்டும், 44 அங்குலச் சுற்றுள்ள மரம் ஒன்றும் ஒரே நீளத்தவாயின் ஈடாகுமா? ஆகா. சிறுமரம் நான்கு சேர்ந்தே பெருமரம் ஒன்றாகும். 'இரட்டைப் பருமன், இரட்டை விலை' என்று பேரம் முடித்தவர் பாதி மரத்தை விலையின்றிக் கொடுத்தவர் ஆவார். தலைமுறை ஒன்று நிழல் தந்த மரத்திற்கு அஃது உரிய மதிப்பாகாது.

கொப்பரையும் இவ்வாறே. கரும்புச் சாற்றின் நீர் மேற்பரப்பு வழியே ஆவியாவது. ஆறடி வாயும் எட்டடி வாயும் பார்வைக்குச் சிறிதே வேறுபடும். குழியோ 36-உம் 64-உம். ஆவியெழும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகின்றது. அடுப்பின் தீயும் அதற்கேற்ப வேண்டும். அகலத்தோடு ஆழமும் இருமடங்கானாலோ கொள்ளளவு எட்டு மடங்காகிவிடும். அது குழியைக் கடந்த வேறு கணக்கு. வாய் அளவை மட்டும் நோக்கிக் கலங்களை மதிப்பிடுதல் கூடாது என்பதற்கு இவ்வளவே போதும்.

பெருமக்களே! இவ்வளவும் கூறியது எவரையும் கணக்கப் புலவராக்குவதற்கன்று. கூட்டிப் பார்க்க வேண்டிய இடம் எது, குழித்துப் பார்க்க வேண்டிய இடம் எது என்று பிரித்தறியும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வரவேண்டும் என்பதற்கே. நீளத்தையும் சுற்றையும் கூட்டுக. வாயையும் பரப்பையும் குழிக்க. அதற்கு வேண்டியது பெருநூல் அன்று. ஒன்று முதல் இருபது வரை பெருங்குழியும், அரை, கால், முக்கால் என்னும் மூன்றின் சிறுகுழியுமே.

ஆசிரியப் பெருமக்கள் வட்டத்தின் பரப்பைக் கற்பிக்கும் நாளில் மாணவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்லலாம். ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் போதும். சுற்றைக் கயிற்றால் அளக்கட்டும், பாதியாக மடிக்கட்டும், ஆரையால் பெருக்கட்டும். வந்த விடையைக் 'குழி' என்றே சொல்லட்டும். பொருள் விளங்கிய சொல்லிற் கற்ற கணக்கு மறவாது. மாணவச் செல்வங்கள் இன்று மாலை வீடு திரும்பியதும், தோட்டத்திற் பதித்துள்ள குழாய்களின் விட்டங்களைத் தந்தையிடமும் தாயிடமும் கேட்டறிந்து, அவற்றின் குழிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டுக. அடுத்த முறை குழாய் வாங்கச் செல்லும்போது அத்தாள் அவர்கள் மடியில் இருக்கட்டும்.

குழி என்னும் ஒரு சொல்லை மறந்தமையால் உழவன் குழாயில் இழந்தான், மரத்தில் இழந்தான், கிணற்றில் இழந்தான். சொல்லை மீட்டால் கணக்கு மீளும். கணக்கு மீண்டால் கைப்பொருள் நிற்கும். அம்மீட்பு இவ்வூர்த் திண்ணைகளிலேயே தொடங்குக!